முதல் வருஷப் பூ

பேரிக்காரர் மரத்திலிருந்து விழுந்த பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சட்டை மாட்டுவதற்கே மனைவி வந்து கையைப் பிடித்து நுழைத்துவிட வேண்டியிருந்தது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு கூடிவிட்டது என்றார்கள். எலும்பு கூடியது உண்மைதான், ஆனால் கை பழைய கை இல்லை. சரிவு முழுக்க அப்பா வைத்துவிட்டுப் போன பேரிக்காய் மரங்கள் கிளையை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் அடியில் நின்று கூலியாட்களைப் பார்த்துக் கத்துவார். "அந்தக் கிளை இல்லய்யா, அதுக்குப் பக்கத்துல... ஐயோ, அதையா வெட்டுன!" கவாத்துக் காலம் முடியும்போது மரங்களும் மொட்டையாக இருக்கும், அவர் தொண்டையும் கட்டியிருக்கும்.

கை எழும்பாததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "அதெல்லாம் சரியாப் போச்சு" என்று இடது கையை வீசிக் காட்டுவார். மனைவிக்கு மட்டும் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து அந்த வீட்டின் பாதிச் செலவைத் தாங்கியவள் அவள். ஊரில் அவளைத் தையல்காரி என்றே சொல்வார்கள்.

பேரிக்காரருக்கு ஒரே தங்கை. ஊருக்கு அவள் வேளாண் அதிகாரி, அந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் குட்டி. மலைக்கு அந்தப் பக்கம் துறையின் குடியிருப்பில் தனியாக இருந்தாள். வாரம் ஒருமுறை வந்து அண்ணியின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அண்ணன் கையைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவர் சொல்லாததைத் தையல்காரியும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் நாலு நாள் பேச்சு இருக்காது.

அந்த ஆண்டு குட்டியின் பொறுப்பில் இருந்த சோதனைத் தோட்டத்தில் குங்குமப்பூ பூத்தது. வேறொரு தேசத்து மலையிலிருந்து கிழங்குகள் வந்திருந்தன. சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் ஒரு அளவு, மேலே நார்நாராகப் பழுப்புத் தோல். கோடை முடிவில் நட்டார்கள். இந்த மலையில் இதெல்லாம் வருமா என்று சிரித்தவர்கள்கூடக் குளிர் தொடங்கிய ஒரு காலையில் வேலியோரம் வந்து வாயடைத்து நின்றார்கள். வெறும் மண்ணிலிருந்து, இலைகூடச் சரியாக வெளிவராமல், ஊதாப் பூக்கள் நேராக எழும்பி நின்றன.

வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும், ஆள் போதாது என்று குட்டி சொல்லியனுப்பியதால் பேரிக்காரரும் மனைவியும் போனார்கள். பறித்த பூவைக் கொட்டகையில் கொட்டி, ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே இருக்கும் மூன்று சிவப்பு இழைகளை மட்டும் உருவி எடுக்க வேண்டும். ஓட்டுத்தையல் பிரித்துப் பழகிய தையல்காரியின் விரல்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கணவர் இன்னும் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். வலது கையால் பறித்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்ததும் அந்தக் கையை நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் மஞ்சள் தூள்.

"இங்க பாரு, ஒரு வரிசை முழுக்க இதாலயே பறிச்சேன். மேல தூக்கவே வேண்டாம். குனிஞ்சா போதும்."

ஐம்பதைத் தாண்டிய மனிதர். அப்படி அவர் முகம் மலர்ந்து அவள் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது.

அன்று மதியம் துறையின் இயக்குநர் வந்தார். கூடவே புகைப்படக்காரர்களும் வந்தார்கள். பூக்கூடையை இடுப்பில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டபின், அடுத்த ஆண்டு இந்த மலைத்தொடர் முழுவதும் குங்குமப்பூ, கேட்பவர்களுக்கெல்லாம் கிழங்கு என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் நின்ற குட்டி, பேருந்தில் பையை விட்டுவிட்டு இறங்கியவளைப் போல நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது பேரிக்காரர் சொன்னார்: "கீழ்ச்சரிவு மரத்தையெல்லாம் எடுத்துரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?" என்றாள் குட்டி.

"எதுக்கா? இன்னைக்கு முழுக்க நாம எதைப் பறிச்சோம்?"

"அண்ணா, ஒரு வருஷம் பொறு. இப்ப பூத்திருக்கே, இது நம்ம மண்ணு குடுத்த பூ இல்ல. கிழங்கு அதோட ஊர்ல தின்னு கொழுத்துட்டு வந்திருக்கு. அந்தத் தெம்புல பூத்திருக்கு. சிமெண்ட் தரையில பரப்பி வச்சிருந்தாலும் இந்த வருஷம் பூத்திருக்கும்."

"அப்ப நம்ம மண்ணு குடுக்குமான்னு எப்பத் தெரியும்?"

"இந்தத் தாய்க்கிழங்கு வத்திப் போயிரும். அது மேல குட்டிக் கிழங்கு வரும். அது இங்க வளர்றது. அது நல்லாப் பெருத்தா பூக்கும். பெருக்கலேன்னா வெறும் இலைதான்."

"குட்டி சொல்றத நம்பி குட்டிக் கிழங்குக்காகக் காத்திருக்கணுமாக்கும்" என்று அவர் சிரித்தார். மூவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதை அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"இயக்குநர்கிட்ட சொன்னேன். நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படின்னுட்டார்."

பேரிக்காரர் கையைக் கழுவ எழுந்தார். போகிற போக்கில், "நீ எத்தனை வருஷம் வேணும்னாலும் பொறுப்ப. மாசம் பொறந்தா உனக்குச் சம்பளம் வந்துரும்" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் குட்டி தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் மழை விடவே இல்லை. பனி விழ வேண்டிய நாட்களில்கூட மழை விழுந்தது. வசந்தத்தில் பேரி மரங்கள் வழக்கம்போலப் பூத்தன. குங்குமப்பூச் செடிகளின் ஊசி இலைகள் பழுத்துக் காயத் தொடங்கியதும் குட்டி சோதனைத் தோட்டத்தைத் தோண்டிப் பார்த்தாள்.

தோண்டிய கையோடு அண்ணியின் தையல் அறைக்கு வந்தாள். தையல்காரி சட்டைக் கைகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டி ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். வெள்ளைத் துணிமேல் மண்ணோடு சேர்ந்து கிழங்குகள் உருண்டன. சுண்டைக்காய் அளவுகூட இல்லை. சிலவற்றைத் தொட்டாலே பிதுங்கின. அழுகல் வாடை அறையில் பரவியது.

"துணி பாழாப் போச்சு பாரு" என்று சொல்ல வாயெடுத்த தையல்காரி குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இவ்வளவுதான் அண்ணி. தண்ணி தேங்கி அழுகினது பாதி. மீதி இப்படி. இதுல பூ வராது."

"உங்க இயக்குநர்?"

"அடுத்த பூவையும் பார்த்துட்டுச் சொல்லலாம்கிறார். அதுக்குள்ள லாரி லாரியாக் கிழங்கு வந்து இறங்கிரும். அறிவிச்சாச்சாம், இனிமே நிறுத்தினா அசிங்கமாம்." அவள் ஒரு கிழங்கை எடுத்து விரலால் மண்ணைத் துடைத்தாள். "அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அதிகாரி பேசற மாதிரி இருக்கும்."

"நான் சொன்னா பொண்டாட்டி பேசற மாதிரி இருக்கும். ரெண்டையும் அவர் காதுல வாங்கமாட்டார். சேர்ந்து சொல்லிப் பார்ப்போம்."

சேர்ந்துதான் சொன்னார்கள். பேரிக்காரர் ஒரு சின்னக் கிழங்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இயக்குநரின் அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது.

"சோதனைத் தோட்டம் பள்ளத்துல இருக்காம். அதான் தண்ணி நின்னிருக்கு. நம்மளது சரிவாம், நிக்காதாம். அவரே உக்கார வச்சுச் சொன்னார், காபியெல்லாம் குடுத்தார்."

"மழை பேஞ்சா கீழ்ச்சரிவுல முழங்கால் வரைக்கும் புதையுதேங்க" என்றாள் தையல்காரி.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கெல்லாம் குட்டி எடுத்துக் குடுக்கப்போறா. எனக்குன்னா மட்டும் வேண்டாமாம். ஏன்? சொந்த அண்ணனுக்குக் குடுத்தான்னு நாலு பேர் பேசிருவாங்கன்னு பயம். அவளை எனக்குத் தெரியாதா?"

அது உண்மையில்லை என்று தையல்காரிக்குத் தெரியும். குனிந்தால் கைக்கு எட்டுகிற ஒரு பயிர் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பறிக்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. "காய் பறிக்கிற வரைக்குமாவது மரம் நிக்கட்டுமே" என்று மட்டும் கேட்டாள். அதுவரை பொறுத்தால் நிலத்தை உழுது ஆறப்போட முடியாது என்றார்.

மரம் அறுக்கிறவர்கள் வந்தார்கள். கோலிக்குண்டு அளவு காய்களோடு மரங்கள் சாய்ந்தன. வேரோடு பிடுங்க இயந்திரம் வந்தது. பேரிக்காரர் ஒவ்வொரு மரமும் விழுகிறபோது பக்கத்தில் போய் நின்றார். தையல்காரி அன்று தையல் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தில் வெளிச் சத்தம் கேட்கவில்லை. தைத்த சட்டைக் கைகளை மறுநாள் பார்த்தால் பாதி திருப்பித் தைத்திருந்தது.

கிழங்கு வருவதற்கு முன்னால் கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சுவரோரமும் ஆட்கள். பேரிக்காரருக்குப் பக்கத்தில் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலை இல்லாத மாதங்களில் அவர் மனைவி வீட்டுக்குப் பின்னால் போட்ட அவரையும் உருளைக்கிழங்கும்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. அந்த நிலத்தில் குங்குமப்பூ வைக்கலாமா வேண்டாமா என்று கொத்தனார் ஒரு மாதமாக ஊசலாடிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பேசி முடித்து, "எங்க அதிகாரி நடவு முறையைச் சொல்லுவாங்க" என்று உட்கார்ந்தார். குட்டி எழுந்தாள். நடவு முறையைச் சொல்லவில்லை. துணிப்பையிலிருந்த கிழங்குகளை மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இது போன வருஷம் பூத்த தோட்டத்துலேருந்து எடுத்தது. வந்து தொட்டுப் பாருங்க. இதுல பூ வராது. தயவுசெஞ்சு ஒரு வருஷம் பொறுங்க. பொறுக்க முடியலேன்னா, மேல தண்ணி நிக்காத கல்லு நிலத்துல ஒரு கைப்பிடி மட்டும் வச்சுப் பாருங்க. இருக்கிற பயிர்ல கை வைக்காதீங்க."

இயக்குநர் சிரித்த முகத்தை மாற்றாமல் தண்ணீர் குடித்தார். எல்லோரும் திரும்பிப் பேரிக்காரரைப் பார்த்தார்கள். அவர் மரத்தை வெட்டியது ஊருக்கே தெரியும்.

பேரிக்காரர் எழுந்தார். மறுபக்கம் உட்கார்ந்திருந்த தையல்காரி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் விலக்கிக்கொண்டார்.

"அது என் தங்கச்சிதான். நான்தான் படிக்க வச்சேன். நல்லது நினைச்சுத்தான் சொல்லுது. ஆனா ஒண்ணு, சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி. எங்க வீட்டுக் கிணத்தை ஒரு நாளும் எட்டிப் பார்த்தது கிடையாது." யாரோ சிரித்தார்கள். அது அவருக்குத் தைரியம் கொடுத்தது. "நான் வாயால பேசல. எங்கப்பா வச்ச மரத்தை வெட்டிட்டு வந்து பேசறேன். பயப்படாம வைங்க."

கை தட்டல் எழுந்தது. கொத்தனார் பலமாகத் தட்டினார். "பேரிக்காரரே மரத்துல கை வச்சுட்டார்னா அப்புறம் என்ன" என்று பின்னால் திரும்பிச் சொன்னார். குட்டி மேசையிலிருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

மாதம் முடிவதற்குள் அவளுக்கு மாற்றல் வந்தது. அடிவாரத்து நகரத்தில் விதைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் அண்ணன் வீட்டுக்கு வராமலேயே கிளம்பிப் போனாள்.

லாரியில் வந்த கிழங்குகளைக் கீழ்ச்சரிவு முழுவதும் நட்டார்கள். குளிர் தொடங்கியதும், முதல் வருஷம் பூக்கும் என்று குட்டி சொன்னபடியே பூத்தது. ஆனால் அவள் சொன்னதை அப்போது நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வீட்டுக்கூடம் முழுக்க ஊதாப் பூக்குவியல். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து இழை உருவினார்கள். கொத்தனாரின் மனைவி தன் தோட்டத்துப் பூவைப் புடவை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்து காட்டினாள். பேரிக்காரர் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வலியில் நெற்றி வியர்த்திருந்தது, ஆனால் மாட்டிவிட்டார்.

காய்ந்த இழைகளை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"கொண்டு போய் அவகிட்ட காட்டு."

"நீங்களே கொண்டு போகலாம்ல?"

"நான் போனா குத்திக் காட்ட வந்த மாதிரி இருக்கும்."

"நான் போனா மட்டும்?" என்றாள் அவள். ஆனாலும் போனாள்.

குட்டியின் அறை கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் மூட்டை ஏற்றுகிறவர்களின் சத்தம். அவள் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா உலர்த்தியிருக்கீங்க அண்ணி. நிறம் கொஞ்சம்கூட மாறல."

"அவ்வளவுதானா சொல்லுவ?"

"வேற என்ன சொல்லணும்? நான் தோத்துட்டேன்னா?" அவள் குப்பியை மூடினாள். "அடுத்த வருஷம் நான் சொன்னது பொய்யாப் போகட்டும்னு நான் கும்பிடாத நாள் இல்ல. கோடையில இலை காய்ஞ்சதும் தோண்டிப் பாருங்க. கெட்டியா இருக்கறதை மட்டும் எடுத்துக் காத்தாட உலர வைங்க. மேல பாறைப் பக்கம் சும்மா கிடக்குதே, அங்க மேடு கட்டி வைங்க. அண்ணனுக்குச் சொல்லிட்டுச் செய்ங்க, சொல்லாம செய்ங்க, அது உங்க பாடு."

அந்தக் குளிர்காலத்திலும் மழைதான். கீழ்ச்சரிவில் நடந்தால் செருப்பு மண்ணிலேயே நின்றுவிடும். கோடை வந்து இலை காய்ந்ததும் தையல்காரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கணவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை. அங்கங்கே தோண்டிப் பொறுக்கியெடுத்தது ஒரு முறத்துக்குக்கூடத் தேறவில்லை. அதைப் பரணில் உலர்த்திவைத்தாள். கோடை முடிவில் பாறைப் பக்கத்து ஓரத்தில் அவள் மேடு கட்டத் தொடங்கியபோது, மறுநாள் அவரும் மண்வெட்டியோடு வந்து கொஞ்சம் தள்ளி வேலை செய்ய ஆரம்பித்தார்.

அப்போதே மற்றவர்களிடம் சொல்லியிருக்கலாம். தையல்காரி ஒரு தடவை பேச்செடுத்தாள். "மண்ணுக்குள்ள இருக்கறதைப் பத்தி எப்படி அடிச்சுச் சொல்ல முடியும்? பார்ப்போமே" என்றார். அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அதை வைத்துக்கொண்டே அந்தக் கோடையைக் கடத்தினார்.

குளிர் வந்தது. கீழ்ச்சரிவு முழுவதும் இலை வந்தது. மெலிந்த, பசுமையான, ஒழுங்கான வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் புல்தரை. நடுவில் நடுவில் அழுகிப்போன இடங்கள் சொட்டை விழுந்தாற்போல் கிடந்தன. ஒவ்வொரு நாளும் விடியும்போது பேரிக்காரர் இறங்கிப் போய், கடைசி வரிசைவரை நடந்து, வெறுங்கையோடு ஏறி வந்தார்.

ஒருநாள் காலையில் கொத்தனார் வந்தார். வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் நின்றார்.

"எங்க தோட்டத்துல இலையா வருது. உங்களுதுல பூத்திருச்சான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கீழ்ச்சரிவைத் தாண்டித்தான் அவர் வந்திருக்க வேண்டும். பேரிக்காரர் தரையைப் பார்த்தார்.

"பூக்கல."

"குளிர் இன்னும் கொஞ்சம் ஏறினா வருமா?"

"வராது கொத்தனாரே."

கொத்தனார் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "வீட்ல அவளுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. அவரைக்கொடியைப் பிடுங்கும்போதே அழுதா." போக நினைத்தவர் திரும்பினார். "உங்க மேல குத்தம் சொல்ல வரல. நீங்களும்தானே வெட்டினீங்க."

கொத்தனார் கத்தியிருந்தால் பேரிக்காரரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தையல்காரியிடம், "சட்டையை எடு, கீழ குட்டிகிட்ட போயிட்டு வரலாம்" என்றார்.

விதைக் கிடங்கில் குட்டி மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். ஆட்கள் நாசூக்காக வெளியே போனார்கள்.

"கொத்தனார் வந்தார்" என்றார் பேரிக்காரர்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

குட்டி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "அண்ணா, நான் கிணத்தை எட்டிப் பார்த்ததே இல்லன்னு சொன்னியே, ஏன் பார்க்கமாட்டேன்னு சொன்னியா? என்னைத் தூக்கி உள்ளே தொங்கவிட்டுச் சிரிச்சது யாரு? நான் கத்தின கத்துல அம்மா ஓடி வரல?"

அவர் அதை மறந்துபோயிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. தையல்காரிக்கே அது புதுச் செய்தி.

"அத்தனை பேர் முன்னாடி பேசினேன். அத்தனை பேர் முன்னாடியும் வந்து தப்புன்னு சொல்றேன்" என்றார்.

"எனக்கு அது வேண்டாம். நீ சொல்றதுனால யார் நிலமும் நேராயிடாது." அவள் குரல் உடைந்தது. அதை மறைக்கவும் இல்லை. "நான் சொன்னப்ப ஒரே ஒரு ஆள் என் பக்கம் நின்னிருந்தாப் போதும் அண்ணா. ஒரே ஒரு ஆள்."

கடைசியில் குட்டிதான் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், துறை சார்பாக இல்லை, சும்மா வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் பேரிக்காரர்தான் முதலில் பேசினார். "நான் சொன்னது தப்பு. என் தங்கச்சி வந்திருக்கு, நிலத்தைப் பார்க்கட்டும்." சிலர் உள்ளே விட்டார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கிழவர், "இந்த இலையை மாட்டுக்குப் போட்டா பாலாவது மணக்குமாம்மா?" என்று கேட்டார். குட்டிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. மாட்டுக்குப் போடாதீங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். கொத்தனாரின் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிலத்தைக் கிளறிப் பார்த்த குட்டி, "எல்லாத்தையும் தோண்டி எடுத்துருங்க. அழுகலோட ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வசந்தத்துக்கு அவரை போட்டுரலாம்" என்றாள். கொத்தனார் சரி என்றார். மனைவி கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கடைசியாகத் தங்கள் நிலத்துக்கு வந்தார்கள். பாறைப் பக்கத்து ஓரத்தில், தையல்காரியின் மேடுகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ இருந்தது. குட்டி குந்தி உட்கார்ந்து ஒரு செடியைத் தோண்டிக் கிழங்கை நசுக்கிப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

"இது இருக்கட்டும் அண்ணி. ஆனா ஆசையைப் பெருசா வளர்த்துக்காதீங்க. இது ஒரு தோட்டமா ஆகாது. தோட்டத்துக்கு ஒரு ஓரமா இருக்கும்."

பேரிக்காரர் கீழ்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப பேரி வச்சா காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"உனக்குத் தெரியாததா?"

"தெரியும். வச்சாலும் என்னால ஏற முடியாது." வலது கையைத் தூக்கிக் காட்டினார். மார்பு உயரத்திலேயே நின்றுவிட்டது. "அன்னைக்கு விழுந்தப்ப போனதுதான். இதுக்குத்தான் குங்குமப்பூன்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

குட்டி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரியாப் போச்சுன்னு சொன்னியே அண்ணா."

"எலும்பு கூடிருச்சு."

"மரத்தோட உச்சியை இறக்கிட்டா தாழவே கிளை விடும். கம்பி கட்டி அதுல படர விடலாம். நின்ன இடத்துலயே பறிக்கலாம், ஏணியே வேண்டாம். ரெண்டு மூணு வருஷம் ஆகும், அவ்வளவுதான். அப்பா வச்ச மரத்துலயே பண்ணியிருக்கலாம்." அவள் சொல்லிக்கொண்டே போய், என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்தினாள்.

பேரிக்காரர் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அத்தனை மாதங்களாக அந்த வீட்டில் மண்ணைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், கிழங்கைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்த மரங்கள் நின்றிருக்கும். தையல்காரிக்கு அந்தக் கணத்தில் கணவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்தக் கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டவள் அவள்தானே.

"பேருந்து போயிரும்" என்றாள் குட்டி. குரலில் வேறு எதுவும் இல்லை. பேரிக்காரர் எழுந்து கூடவே நடந்தார்.

"அடுத்த வாரம் வருவியா?"

"கொத்தனார் நிலத்துக்கு வரணும்."

"வீட்டுக்கு?"

குட்டி வண்டியில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "மேல் சரிவுல நிக்கிற மரத்துல கை வைக்காத. நான் வந்து பார்க்கறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் பேரிக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொத்தனாரின் வீட்டுக்குப் போனார். கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி இவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பின்பக்கம் சுற்றிப் போய் முதல் வரிசையிலிருந்து தோண்டத் தொடங்கினார். மதியம்வரை தோண்டினார். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் போனார்.